நீல நூல் தைத்த மூட்டைகள்

நவம்பர் 12

நர்ஸ் அம்மா அவர்களுக்கு,

வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போன மறுநாள் என் கடையிலிருந்து ஆறு மூட்டை பிளீச்சிங் பவுடர் படகில் ஏற்றி உன் ஊருக்கு அனுப்பினேன். காசு வாங்கவில்லை. நீ அதைக் கரைத்து மேட்டுக் கிணற்றில் ஊற்றினாய். அதற்குப் பிறகும் ஊரில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. மூன்று பேர் இறந்தார்கள். பவுடரில் வீரியம் இல்லை என்று நீ மருத்துவ அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தாய். நடந்தது இவ்வளவுதான். இதில் ஏதாவது தப்பு இருந்தால் திருத்து.

இதை நான் உன்னிடமிருந்து கேட்கவில்லை. அதிகாரியின் ஜீப் ஓட்டுநர் தார்ப்பாய் வாங்க வந்தார். கடை நிறையக் கூட்டம். நான் கயிறு அளந்துகொண்டிருந்தேன். "உங்க தங்கச்சியே உங்க மேல எழுதிட்டாங்களாமே" என்றார், ஏதோ மழை விட்டுவிட்டது என்று சொல்வதுபோல. அளந்தது எத்தனை மீட்டர் என்று மறந்துபோனேன். எதிர்க்கடைக்காரன் அவன் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். அவன் காதில் விழாமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறாயா?

நான் கடை போட்ட புதிதில் ஒரு லாரி சர்க்கரை வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? மூட்டைக்கு அடியில் பாதி மணல். அந்த வருஷம் நம் வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று உனக்கே தெரியும். அன்றிலிருந்து வாயைப் பிரித்துப் பார்க்காமல் எந்த மூட்டையையும் கிடங்கில் அடுக்கியதில்லை. முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து அள்ளிப் பார்ப்பேன். தராசில் ஏற்றுவேன். குறைந்தால் அதே லாரியில் திரும்பிப் போகும். சரியாக இருந்தால் என் கையால் நீல நூல் போட்டுத் தைப்பேன். நீல நூல் மூட்டை என்றால் சந்தையில் மறுபேச்சு கிடையாது. அந்த ஆறு மூட்டைக்கும் நூல் போட்டது நான்தான். தூள் மாவு மாதிரி வெள்ளையாக இருந்தது. எடை கிராம் பிசகவில்லை.

அதனால் தப்பு என் பக்கம் இல்லை. கரைத்த கையில் தேடு. நீ குழம்புக்கு உப்புப் போட்ட லட்சணம் எனக்குத் தெரியாததா?

எழுதிக் கொடுத்ததை நீயே திருப்பி வாங்கு. அதுவரைக்கும் என் கடையிலிருந்து ஒரு முழக் கயிறுகூட உன் ஊருக்கு வராது. செல்போன் டவர் விழுந்து கிடப்பது ஒரு வகையில் நல்லது. பேசியிருந்தால் இதைவிடக் கேவலமாகப் பேசியிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் படிக்க வைத்தவன்

•

நவம்பர் 14

மொத்த வியாபாரி ஐயா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் படகுக்காரர் கையில் நனைந்து வந்தது. ஆனாலும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பள்ளிக்கூடத்தின் இரண்டு வகுப்பறைகள்தான் இப்போது ஆஸ்பத்திரி. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறேன். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி சலைன் பாட்டில் தொங்குகிறது. அந்தக் கயிறும் உங்கள் கடைக் கயிறுதான், அதற்கு நன்றி. யாருக்கு எத்தனை பாட்டில் ஏறியது என்று கரும்பலகையில் எழுதி வைக்கிறேன். உங்களுக்குப் பதில் எழுதும் இந்த நேரத்தில் நான்கு பேருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் புகட்டியிருக்கலாம். உப்பு எவ்வளவு போடுவதென்று எனக்குத் தெரியும்.

இறந்தவர்கள் மூன்று பேர் என்று எழுதியிருந்தீர்கள். யார் என்று கேட்கவில்லை. ஒருவர் தையற்கடைக்காரர். ஒருவர் அவருடைய மாமியார். மூன்றாவது, உங்கள் கடையில் மூட்டை தூக்குகிறாரே, நீங்களே 'கப்பல்' என்று பேர் வைத்தீர்களே, அவருடைய மகள். பள்ளியில் சேர்க்கும் வயதுகூட ஆகவில்லை. அன்றைக்குப் படகிலிருந்து அந்த ஆறு மூட்டையையும் தோளில் சுமந்து கிணற்றடியில் இறக்கியவர் அவர்தான். இறக்கிவிட்டு, "ஐயா கடை மூட்டைம்மா, இனி பயம் இல்ல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். விதிப்படிதான் கரைத்தேன். வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேல் தெளிவைத்தான் கிணற்றில் இறக்கினேன். மறுநாளும் அப்படியே. என்னிடமிருந்த சோதனைக் குப்பி வெள்ளத்தோடு போய்விட்டது. மருத்துவக் குழு படகில் புதுக் குப்பி கொண்டுவந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. கிணற்றுத் தண்ணீரில் சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். ஆகவில்லை. சொட்டு மருந்து கெட்டிருக்கும் என்று நினைத்து, குளோரின் மாத்திரை போட்ட குடத்துத் தண்ணீரில் விட்டேன். பளிச்சென்று மஞ்சள். பிறகு உங்கள் பவுடரையே புதிதாகக் கரைத்து விட்டுப் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

அரிசி வேறு, இந்தப் பவுடர் வேறு. இதில் வேலை செய்வது ஒரு வாயு. காற்றுப் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். அதற்காகத்தான் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பை வைத்து மூடி அனுப்புகிறார்கள். நீங்கள் அந்தப் பையையும் கிழித்து, கையை விட்டு அள்ளி, வெளிச் சாக்கை மட்டும் தைத்துத் தகரக் கூரைக்கு அடியில் ஒரு கோடை முழுக்க வைத்திருக்கிறீர்கள். எனக்கு வந்தது சுண்ணாம்பு. நீங்கள் பிரித்துப் பார்த்ததுதான் அதைக் கொன்றது. நம்பிக்கை இல்லையென்றால் நல்ல சாயத் துணி ஒன்றில் குழைத்துத் தடவிப் பாருங்கள். உயிருள்ள பவுடர் சாயத்தைத் தின்னும்.

இப்போது பிரச்சினை நீங்களும் நானும் அல்ல. பொடி போட்டதால்தான் சாவு வந்தது என்று ஊரே சொல்கிறது. டீக்கடைக்காரர் கிணற்றின் இரும்பு மூடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தண்ணீர் இறைக்க மட்டும் திறக்கிறார். நான் வாளியோடு போனால் மூடிவிடுகிறார். வெள்ளம் ஒரு தடவை ஏறிப் போன கிணறு அது. கக்கூஸ் குழிகளெல்லாம் பொங்கிய தண்ணீர். கொதிக்க வைத்துக் குடிக்கக் காய்ந்த விறகு ஒரு வீட்டிலும் இல்லை. மாத்திரை படுத்திருப்பவர்களுக்கே போதவில்லை. ஏரியை மறுபடி திறக்கப் போவதாகச் சொல்கிறார்கள், திறந்தால் வெள்ளம் மறுபடி ஏறும்.

நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். உங்கள் நூலைத்தான் நம்பினார்கள், உங்கள் வாயைத்தான் நம்புவார்கள். நீங்கள் இங்கே வந்து கிணற்றடியில் நின்று, பொடி செத்திருந்தது, நல்ல பொடி போட்டால் சாவு நிற்கும் என்று சொல்ல வேண்டும். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

நர்ஸ்

•

நவம்பர் 15

தங்கச்சிக்கு,

கப்பல் வேலைக்கு வரவில்லை என்று நேற்று வரைக்கும் திட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளத்தைச் சாக்கு வைத்துப் படுத்துக் கிடக்கிறான் என்று நினைத்தேன். அவன் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லியாகிவிட்டது. எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. நீயாவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். அதிகாரிக்கு எழுத நேரம் இருந்தது, அண்ணனுக்கு ஒரு வரி எழுத நேரம் இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அண்ணி என்னோடு பேசவில்லை. அந்தக் குழந்தைக்குப் போன மாதம்தான் அவள் கவுன் வாங்கிக் கொடுத்தாளாம். அதுவும் எனக்கு இப்போதுதான் தெரியும்.

சரி, உன்னை ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல். பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பிரித்தால் கண் எரியும், மூக்கைப் பிடுங்கும். அது ஊருக்கே தெரியும். நீ வாளியில் கொட்டியபோது உன் மூக்கு எங்கே போயிற்று? வாடை இல்லாத பவுடரைக் கிணற்றில் இறக்கியது யார்? நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நர்ஸ் படிப்புப் படித்தது நீ. நான் விற்றது விஷம் இல்லை. விற்கக்கூட இல்லை, கொடுத்தேன். கொடுத்தவன் கையைப் பிடித்து முறிக்கிறாய்.

நான் அங்கே வரமாட்டேன். கிணற்றடியில் நின்று, என் மூட்டை செத்த மூட்டை என்று சொன்னால் அடுத்த படகில் அந்தப் பேச்சு சந்தைக்கு வந்துவிடும். நாளைக்கு எவனாவது நீல நூல் மூட்டையை வாங்குவானா? இந்தக் கடையை நம்பிப் பதினோரு குடும்பம் இருக்கிறது, கப்பல் குடும்பமும் சேர்த்து. பேச்சு வேண்டாம், வேலை நடக்கட்டும். இந்தப் படகிலேயே புது மூட்டை நான்கு அனுப்பியிருக்கிறேன். கம்பெனித் தையல், என் கை படவில்லை. நீ சத்தம் இல்லாமல் ஊற்று. நோய் நிற்கட்டும். நின்றுவிட்டால் யார் மேல் தப்பு என்று யாரும் கேட்கமாட்டார்கள். இதைவிட நல்ல வழி உனக்கு யாரும் சொல்லமாட்டார்கள்.

அண்ணன்

•

நவம்பர் 17

அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய நான்கு மூட்டையும் இதே படகில் திரும்பி வருகின்றன. கரையில் இறக்கவே விடவில்லை. டீக்கடைக்காரர் படகின் மூக்கைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பத்து இருபது பேர். அவர் கத்தவில்லை. "பொடி வேணாம்மா. முதல்ல வந்த பொடிக்கே நாங்க இன்னும் அழுது முடிக்கல" என்றார். நான் இது வேறு பொடி என்றேன். "அப்ப அது என்ன பொடி?" என்றார். அண்ணா, அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? சத்தம் இல்லாமல் ஊற்றச் சொன்னீர்களே, பூட்டிய கிணற்றில் எப்படிச் சத்தம் இல்லாமல் ஊற்றுவது?

நேராகக் கேட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். முகர்ந்தேன். வாடை குறைவாகத்தான் இருந்தது. கண்ணும் எரியவில்லை. கை ஒரு நிமிஷம் நின்றது. மூட்டை வாயில் நீல நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் பார்த்துத் தைத்தது ஆயிற்றே, இதில் நான் என்ன பார்ப்பது என்று கொட்டிவிட்டேன். வேறு கடை மூட்டையாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். இதை அதிகாரிக்கு எழுதிய தாளிலும் எழுதியிருக்கிறேன். ஜீப் ஓட்டுநர் அந்தப் பாதியை உங்களுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

அதிகாரி நேற்று வந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வகுப்பறை வாசலிலேயே நின்றார். "அளவு குறைச்சுப் போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. மாத்தல் வாங்கித் தர்றேன். இதோட எல்லாருக்கும் நிம்மதி" என்றார். பேனாவையும் அவரே நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டால் உங்கள் நூலுக்கு ஒரு கறையும் வராது. எதிர்க்கடைக்காரர் வேறு யாரையாவது பார்த்துப் பல் குத்தட்டும். ஆனால் நான் போன பிறகும் அந்தக் கிணற்றில் பூட்டு தொங்கும். புது நர்ஸ் வாளியோடு போனாலும் விரட்டுவார்கள். இந்த வெள்ளத்துக்கு மட்டும் இல்லை, அடுத்த வெள்ளத்துக்கும் விரட்டுவார்கள்.

படிக்க வைத்தவன் என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். வைத்தீர்கள். இல்லையென்று எப்போது சொன்னேன்? வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு அந்தப் படிப்பு எதற்கு? அண்ணன் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பேனே.

இன்றைக்கு மட்டும் புதிதாக ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். ஒருத்தி டீக்கடைக்காரரின் மருமகள், கர்ப்பிணி. சாவி இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது. அதிகாரி வியாழக்கிழமை மறுபடி வருகிறார். அதற்குள் நீங்கள் வரவில்லையென்றால் இனி எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

தங்கச்சி

•

நவம்பர் 18

பாப்பா,

இத்துடன் ஒரு துணி வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்.

அது கடை பெஞ்சில் விரிக்கும் ஊதாத் துணி. உன் கடிதம் வந்ததும் கடையை இழுத்துச் சாத்திவிட்டுக் கிடங்குக்குப் போனேன். நீல நூல் போட்ட மூட்டை இன்னும் இரண்டு கிடந்தது. அதிலிருந்து ஒரு பிடி, நீ திருப்பி அனுப்பிய கம்பெனி மூட்டையிலிருந்து ஒரு பிடி. இரண்டையும் குழைத்துத் துணியில் பக்கத்துப் பக்கத்தில் தடவி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கழுவிப் பார்த்தால் ஒரு பக்கம் சாயம் போய்ப் பல் மாதிரி வெளுத்திருந்தது. இன்னொரு பக்கம் பொடிதான் கரைந்து போயிற்று, துணி துணியாகவே இருந்தது. எது எந்தப் பக்கம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனி மூட்டையின் வாயில் ஒரு பட்டை தைத்திருக்கிறான். காற்றுப் புகாமல் வைக்கவும், பிரித்தவுடன் பயன்படுத்தவும் என்று இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறது. கணக்குப்பிள்ளை படித்துக் காட்டினார். பிரிக்கும்போது நான் முதலில் அறுத்து எறிவதே அந்தப் பட்டையைத்தான். இத்தனை வருஷமும் அதை மிதித்துக்கொண்டுதான் எடை போட்டிருக்கிறேன். யார் மேல் கோபப்படுவதென்று தெரியாமல் கணக்குப்பிள்ளையைத் திட்டினேன்.

அப்போதுதான் கப்பல் வந்தான். வேலைக்கு. நான் பேச வாயெடுப்பதற்குள் கிடங்கில் கிடந்த அந்த இரண்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, "நான்தாங்க ஐயா தூக்கிட்டுப் போனேன். கனம் சரியாத்தான் இருந்துச்சு" என்றான். என்னைக் குற்றம் சொல்லவில்லை பாப்பா. தன் தோளில் ஏதும் பிசகு இல்லையே என்று என்னிடம் கேட்கிறான். கனம் சரியாகத்தான் இருந்தது. நான் பார்த்ததும் கனத்தைத்தான்.

உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. முகர்ந்த பிறகும் கொட்டினாய் பார், அதை நான் சாகும்வரை கேட்பேன். ஆனால் அதிகாரி நீட்டின பேனாவை நீ தொடக்கூடாது. தொட்டால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

வியாழக்கிழமைப் படகில் வருகிறேன். அந்த நான்கில் பிரிக்காத மூன்று மூட்டையும் என்னோடு வரும். கிணற்றடியில் நான் பேசுகிறேன், நீ எனக்காகப் பேசாதே. படித்தவர்கள் பேசுகிற மாதிரி எனக்கு வராது. ஒரே தடவைதான் சொல்வேன். அதிகாரி நிற்கும்போதே சொல்வேன். எவன் திட்டினாலும் இடையில் விழாதே. டீக்கடைக்காரனுக்கு இந்தத் துணியை முதலில் காட்டி வை. அந்த மருமகள் எப்படி இருக்கிறாள்?

அண்ணி ஒரு மூட்டை காய்ந்த விறகு கட்டிக் கொடுத்திருக்கிறாள். அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அண்ணன்

•

நவம்பர் 22

பாப்பா,

கரை வந்து சேர்ந்தேன். சட்டையில் பட்ட சேறு துவைத்தும் போகவில்லை. எறிந்தது யார் என்று நான் பார்க்கவில்லை, நீயும் சொல்லவேண்டாம்.

நீ பின்னால் வாளியோடு நின்றாய், உனக்குக் கேட்டதோ என்னவோ. நான் சொல்லி முடித்ததும் கப்பலின் மனைவி எழுந்து வந்தாள். நான் அவள் காலில் விழுவேன் என்று நினைத்தாளோ, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இதத் தெரிஞ்சுக்கறதுக்கு எம் பொண்ணுதான் போகணுமா ஐயா?" என்று கேட்டாள். இனி கடையில் கப்பலுக்கு என்ன சம்பளம் போட்டாலும் அந்தக் கேள்விக்கு அது பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவன் இடத்துக்குப் பார்த்த ஆளை வேறு வேலைக்கு மாற்றிவிட்டேன்.

கிணற்றைத் திறந்து நீ ஊற்றி, சொட்டு விட்ட தண்ணீர் மஞ்சளானதும் டீக்கடைக்காரன் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனானே, என்ன பேசினான் என்று கேட்டு எழுதியிருந்தாய். திட்டினான். என் வயதுக்கு அப்படி யாரும் திட்டியதில்லை. கடைசியில், "இனிமே சும்மா குடுக்காதீங்க" என்றான். நான் முறைத்தேன். "சும்மா வந்ததுன்னுதான் அன்னைக்கு யாரும் குறை சொல்லல. காசு குடுத்து வாங்கியிருந்தா வாடை இல்லன்னதும் மூட்டைய உங்க தலையிலயே போட்டிருப்போம்" என்றான். என் தொழிலை எனக்கே சொல்லிக் கொடுக்கிறான். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது சரி.

மருமகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள் என்று எழுதியிருந்தாய். நல்லது. புதிதாக யாரும் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதை நாளைக்கும் எழுது, அதற்கு அடுத்த நாளும் எழுது. என் வாக்குமூலத்தைக் கடை முத்திரை வைத்து அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். உன்னை மாற்றினால் அவர் பேனா நீட்டிய கதையையும் சேர்த்து அனுப்புவேன் என்று வாயால் சொல்லியிருக்கிறேன்.

எதிர்க்கடைக்காரன் இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். இன்று காலை அவன் கிடங்கிலிருந்த பவுடர் மூட்டைகளையும் சாயத் துணியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது அவனும் சிரிக்கவில்லை.

டீக்கடைக்காரனோடு பேசி முடித்தது இதுதான், சுவரில் எழுதி வை. கிணற்றுக்கான பவுடர் கம்பெனித் தையலோடு மட்டும் வரும். கிணற்றடியில் எல்லாரும் பார்க்க அவன் கையால் பிரிக்க வேண்டும். முதல் பிடி சாயத் துணிக்கு, வெளுத்தால்தான் கிணற்றுக்கு. வெளுக்காவிட்டால் மூட்டை திரும்பி வரும், போகவர படகுக் கூலி என் தலையில். பிரித்து மீந்ததை நீ மறுநாளைக்கு எடுத்து வைக்கக்கூடாது, சாக்கடைக்குப் போட்டுவிட வேண்டும். யார் அனுப்பிய மூட்டையாக இருந்தாலும் வாடை இல்லையென்றால் நீ கையை நிறுத்த வேண்டும். கிணற்றுச் சாவி கப்பலின் மனைவியிடம். விலை, நான் கம்பெனிக்குக் கொடுத்த விலை, ஒரு பைசா கூடுதல் இல்லை, ஊர் பொதுவில் கொடுக்கும். நீல நூல் கிடையாது.

அண்ணன்